“ஒரு சம்பவம் சொல்லுங்கள்” என்றாலே வாயடைத்துப்போகிறது, எப்படித் தயாராவது?

நிலாமுற்றம்:
வணக்கம். கணக்குப் பிரிவில் ஆறு வருட அனுபவம். வேலை மாறலாம் என்று முடிவெடுத்து இரண்டு மாதத்தில் மூன்று இன்டர்வியூ போய்வந்துவிட்டேன். கணக்கு சம்பந்தமான கேள்விகளில் எந்தச் சிக்கலும் இல்லை. அதற்கடுத்த ரவுண்டில்தான் மாட்டிக்கொள்கிறேன். “கூட வேலை செய்தவரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சந்தர்ப்பம்”, “நீங்கள் செய்த ஒரு தவறு”, “யாரும் சொல்லாமல் நீங்களாகவே எடுத்துச் செய்த ஒரு வேலை” என்று நடந்ததைக் கேட்கிறார்கள் இல்லையா, அதைக் கேட்டவுடன் மனதில் ஒன்றுமே வருவதில்லை. ஆறு வருடத்தில் எதுவும் நடக்காமலா இருந்திருக்கும்? ஆனால் அந்த நிமிடத்தில் வருவதில்லை.

கடைசி இன்டர்வியூவுக்கு ஐம்பது கேள்விகளுக்குப் பதில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒரே ஒரு கேள்விதான் நான் எழுதிவைத்த வடிவத்தில் வந்தது. அதையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, “அப்போது உங்கள் மேனேஜர் என்ன சொன்னார்?” என்று கேட்டுவிட்டார்கள். நான் எழுதியதில் அது இல்லை. அதற்குப் பிறகு எங்கே விட்டேன் என்பதே தெரியவில்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பத்தாவதுபடி:
மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன், அதனால் அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன். நீங்கள் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். சம்பவத்திலிருந்து தொடங்குங்கள். கேள்விகளை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக் கேட்கலாம், அதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் நாங்கள் தேடும் விஷயங்கள் ஏழெட்டுதான் இருக்கும்: சண்டை வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், தவறு செய்தால் ஒத்துக்கொள்கிறாரா, நேரம் போதாதபோது எதை முதலில் எடுக்கிறார், தன் கீழே வேலை செய்யாத ஒருவரை எப்படிச் சம்மதிக்க வைக்கிறார், பாதித் தகவலை வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடிகிறதா, புதியதைக் கற்கிறாரா, இப்படி.

ஒரு நோட்டை எடுத்து கடந்த இரண்டு மூன்று வருடத்தை மாதம் மாதமாகப் பின்னோக்கிப் போங்கள். வெறும் நினைவை நம்பாதீர்கள். பழைய மின்னஞ்சல்கள், காலண்டர், வருடாந்திர அப்ரைசலில் எழுதிக்கொடுத்தது, எல்லாவற்றையும் பாருங்கள். கூட வேலை செய்த நெருங்கிய ஒருவரிடம், “நான் செய்ததில் உனக்கு ஞாபகம் இருப்பது எது?” என்று கேளுங்கள், நாம் சாதாரணம் என்று விட்டுவிட்ட ஒன்றை அவர்கள் சொல்வார்கள். எட்டிலிருந்து பத்துச் சம்பவம் கிடைத்தால் போதும், ஒவ்வொன்றும் மூன்று நான்கு கேள்விக்குப் பொருந்தும். ஒன்றைக்கூட முழு வாக்கியமாக எழுதாதீர்கள். குறிப்பாக மட்டும் எழுதினால்தான் நடுவில் நிறுத்திக் கேட்டாலும் தொடர முடியும்.

நேர்பேச்சு:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஜெயிக்கிறான், ஒழுங்காக வேலை செய்கிறவன் தோற்கிறான், இந்த ரவுண்டு அதைத்தான் செய்கிறது. என் நண்பன் ஒருவன் வேறொருவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லி வேலை வாங்கினான். யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? நிலாமுற்றம், நல்ல கதை நான்கைத் தயார் செய்துகொள்ளுங்கள், அது போதும்.

பத்தாவதுபடி:
நேர்பேச்சு, உங்கள் கோபம் புரிகிறது. பேச்சுத் திறமையில் மயங்கும் ஆட்களும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒழுங்காக நடத்துகிறவர் முதல் பதிலோடு விடமாட்டார். “அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? நீங்கள் சொன்னதற்கு முதலில் என்ன மறுப்பு வந்தது? வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள், ஏன் விட்டீர்கள்?” என்று தோண்டிக்கொண்டே போவார். உண்மையில் அங்கே இருந்தவருக்கு இதெல்லாம் யோசிக்காமலே வரும், கேட்காத விவரமும் சேர்ந்தே வரும். கதை கட்டியவருக்கு மூன்றாவது கேள்வியிலிருந்து “பொதுவாக நான் என்ன செய்வேன் என்றால்” என்று ஆரம்பித்துவிடும். நடந்தது போய் ‘பொதுவாக’ வந்துவிட்டாலே எனக்குத் தெரிந்துவிடும். மாட்டாமல் தப்பிப்பவர்களும் உண்டுதான். ஆனால் நிலாமுற்றம் தன் சொந்த ஆறு வருடத்தை வைத்திருக்கும்போது இரவல் கதை எதற்கு?

புத்தகப்புழு:
இந்த மாதிரிக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் தயாராவது சுலபம், அதனால் கொஞ்சம் விரிவாக. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவ விமானப்படையில் ஜான் ஃப்ளானகன் என்ற உளவியலாளர், விமானிகளைப் பற்றி ‘நல்லவர், மோசமானவர்’ என்ற பொதுவான அபிப்பிராயங்களைக் கேட்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஒரு தருணத்தில் அவர் என்ன செய்தார் என்ற சம்பவங்களைத் திரட்டினார். 1954-இல் அந்த முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். அங்கிருந்து வந்த யோசனைதான் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் நுழைந்தது. 1980-இல் கேரி லேதமும் அவரோடு சேர்ந்தவர்களும் “இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கும் முறையை வெளியிட்டார்கள். 1982-இல் டாம் ஜான்ஸ் “இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்?” என்பதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

இரண்டும் இன்றும் கேட்கப்படுகின்றன, கலந்தே வரும். வந்தால் என்று கேட்டால் உங்கள் யோசனை எப்படிப் போகும் என்பதைச் சொல்ல வேண்டும். வந்தபோது என்று கேட்டால் நடந்த ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். பலரும் இரண்டாவதற்கு முதலாவதன் பதிலைச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

நேர்பேச்சு சொன்ன அநியாயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும், மனம் போன போக்கில் பேசும் நேர்காணலுக்கும், பின்னாளில் அந்த ஆள் எப்படி வேலை செய்கிறார் என்பதோடு எவ்வளவு தொடர்பு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-இல் வெளியிட்ட தொகுப்பில் முதலாவதற்கு 0.42, இரண்டாவதற்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1. ஆக 0.42 ஒன்றும் குறை தீர்ந்த முறை அல்ல, ஆனாலும் அந்தத் தொகுப்பில் மற்ற எல்லாத் தேர்வு முறைகளையும் விட மேலே நின்றது அதுதான். வாயாடிக்குச் சாதகம் சும்மா பேசும் நேர்காணலில்தான் அதிகம்.

நேர்பேச்சு:
சரி, அந்த 0.19 பற்றி எனக்குத் தெரியாது. நான் போனதெல்லாம் அந்த வகைதான் போலிருக்கிறது. கதை கட்டச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க உட்கார்ந்து ஏழு சம்பவம் எழுதினேன். ஸ்டார் முறை என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்களே, சூழல், பணி, செயல், விளைவு, அந்த வரிசையில் ஒன்றைப் போடுகிறேன், பாருங்கள்.

“எங்கள் நிறுவனத்தில் ஒருமுறை ஒரு சப்ளையருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போய்விட்டது. அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நாங்கள் டீமாகச் சேர்ந்து சரிபார்த்து, சம்பந்தப்பட்டவர்களோடு பேசி, பணத்தைத் திரும்பப் பெற்றோம். இனி இப்படி நடக்காமல் நடவடிக்கை எடுக்கப்பட்டது.”

பத்தாவதுபடி:
இதைக் கேட்டுவிட்டு நான் தாளில் எழுத ஒன்றுமே இல்லை. இது உங்களைக் குறை சொல்வதல்ல, பத்தில் ஏழு பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். நான்கு பெட்டியும் நிரம்பியிருக்கிறது, ஆனால் நீங்கள் எங்கே? ‘சரிபார்த்து’, ‘பேசி’, ‘எடுக்கப்பட்டது’. யார்? மதிப்பெண் போடும்போது அந்த ஆள் தானாகச் செய்ததை மட்டும்தான் கணக்கில் எடுக்க முடியும், டீமுக்கு மதிப்பெண் போட அங்கே இடமே இல்லை.

கேட்கிறேன், யோசிக்காமல் பதில் போடுங்கள். இரண்டு தடவை போனதை முதலில் பார்த்தது யார்? எப்படித் தெரிந்தது? சிஸ்டம் ஏன் தடுக்கவில்லை? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்?

நிலாமுற்றம்:
பார்த்தது நான்தான். மாதக் கடைசியில் அந்த சப்ளையரின் கணக்கைச் சரிபார்க்கும்போது ஒரே தொகை இருமுறை தெரிந்தது. பில் எண்ணில் ஒரு இடத்தில் நடுவில் கோடு இருந்தது, இன்னொன்றில் இல்லை, அதனால் சிஸ்டம் இரண்டையும் வேறு வேறு பில்லாக எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்தவுடன் இது ஒன்றோடு நின்றிருக்காது என்று தோன்றி, பதினான்கு மாதப் பட்டுவாடாவை எடுத்து, கோடு, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு சப்ளையர், தொகை வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். இன்னும் மூன்று கிடைத்தது. அதை யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன்.

முதலில் சொன்னது, அந்த என்ட்ரியைப் போட்ட சீனியரிடம். அவர், “மேலே சொல்ல வேண்டாம், அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம்” என்றார். இதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன், அவரைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. அவர் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

பத்தாவதுபடி:
நீங்கள் விட்டுவிட்டதுதான் சம்பவமே! அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?

நிலாமுற்றம்:
அவருக்கு அது அப்ரைசல் நேரம், பயந்தார். எனக்கும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் போய், “நான்கு பில் இருக்கிறது, மூன்று பேர் போட்ட என்ட்ரி, உங்கள் ஒருவர் தவறு இல்லை, சிஸ்டம் பிடிக்கவில்லை என்பதுதான் விஷயம். ஆடிட்டில் வெளியே வந்தால் மறைத்ததாக ஆகிவிடும். நீங்களே மேனேஜரிடம் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன், பட்டியலை நான் காட்டுகிறேன்” என்றேன். அன்று மாலையே இருவரும் போய்ச் சொன்னோம். இரண்டு பில்லை அடுத்த பில்லில் கழித்தார்கள், மற்ற இரண்டுக்குப் பணம் திரும்பி வந்தது. பில் எண்ணைக் கோடு, இடைவெளி இல்லாமல்தான் பதிய வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொடுத்தேன், அது இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அடுத்த வருட ஆடிட்டில் இரட்டைப் பட்டுவாடா ஒன்றுகூட வரவில்லை.

தேன்சிட்டு:
இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு நல்ல சம்பவத்தை “நடவடிக்கை எடுக்கப்பட்டது” என்று முடித்திருந்தீர்களே!

எனக்கும் இதே பழக்கம் இருந்தது. மனதுக்குள் தமிழில் ஓடும்போது ‘பார்த்தோம், பேசினோம், முடித்தோம்’ என்றேதான் ஓடும். ‘நான், நான்’ என்று சொன்னால் தற்பெருமையாகத் தோன்றும். ஒரு தோழி சொன்ன வழி உதவியது: டீம் என்ன செய்தது என்பதை ஒரே வாக்கியத்தில் நேர்மையாகச் சொல்லிவிட்டு, “அதில் என் பங்கு இது” என்று பிரித்துவிடுவது. மற்றவர்களுக்கு உரியதைக் கொடுத்தாகிவிட்டது, அதற்குப் பிறகு நான் என்று சொல்லக் கூச்சம் இருக்காது.

பத்தாவதுபடி:
அருமையான வழி. நிலாமுற்றம், இப்போது இதையே எத்தனை கேள்விக்குச் சொல்லலாம் என்று பாருங்கள். தானாக முன்வந்தது என்று கேட்டால் பதினான்கு மாதத்தைத் தோண்டியதை விரியுங்கள். கருத்து வேறுபாடு என்றால் சீனியரோடு பேசியதை விரியுங்கள். நேர்மை சோதிக்கப்பட்ட தருணம் என்றாலும் அதேதான், ஆனால் அந்த இரவில் என்ன யோசித்தீர்கள் என்பது கூடுதலாக வர வேண்டும். நடைமுறையை மாற்றியது என்றால் அந்த ஒரு பக்கக் குறிப்பு, அதை மற்றவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது. சம்பவம் ஒன்றுதான், எந்த இடத்தில் மெதுவாக நடக்கிறீர்கள் என்பது மட்டும் மாறும். ஒரே இன்டர்வியூவில் இதை இரண்டு தடவைக்கு மேல் எடுக்காதீர்கள், அதற்குத்தான் மற்ற ஆறும்.

காட்டிக்கொடுப்பது பற்றிச் சொன்னீர்கள். கருத்து வேறுபாட்டுக் கேள்வியில் நாங்கள் கவனிப்பது யார் சரி என்பதை அல்ல. எதிர்த்தரப்பின் நியாயத்தை இவரால் சொல்ல முடிகிறதா என்பதை. “அவருக்கு அது அப்ரைசல் நேரம், பயந்தார்” என்றீர்களே, அந்த ஒரு வரி போதும். பெயர் வேண்டாம், பதவிகூட வேண்டாம், ‘என்னைவிட மூத்த சகா’ போதும். சப்ளையர் பெயர், தொகை எதையும் சொல்லவேண்டாம். பழைய நிறுவனத்தின் ரகசியத்தை இங்கே கொட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் தோன்றும். தொகைக்குப் பதிலாக எத்தனை பில், எத்தனை மாதம், முன்பு எப்படி, பின்பு எப்படி என்று சொன்னால் போதும்.

நேர அளவு: முதல் பதில் இரண்டு நிமிடத்துக்குள். சூழலுக்கு இரண்டு மூன்று வாக்கியம்தான். பலர் நிறுவனத்தின் அமைப்பையே விளக்கி இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடுகிறார்கள், தாங்கள் செய்தது கடைசி இருபது விநாடியில் அவசரமாக வருகிறது. மீதி விவரம் எங்கள் அடுத்த கேள்விகளுக்கு இருக்கட்டும்.

புதுவரவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த வருடம்தான் படிப்பை முடித்தேன். வேலை அனுபவமே இல்லாதவன் எந்தச் சம்பவத்தைச் சொல்வது?

தேன்சிட்டு:
புதுவரவு, நான் நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவள், இதே பயம் எனக்கும் இருந்தது. அந்த நான்கு வருடத்தில் நான் இருந்த குடியிருப்பில் ஒரு சிறிய நூலகத்தை வேறு மூன்று பேரோடு சேர்ந்து நடத்தினேன், சந்தா வசூலில் தகராறு வந்தது, அதைத் தீர்த்தேன். அதைத்தான் சொன்னேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்களுக்குக் கடைசி வருட ப்ராஜெக்ட் இருந்திருக்கும், அதில் வேலையே செய்யாத ஒருவர் கட்டாயம் இருந்திருப்பார். அவரை என்ன செய்தீர்கள்? விட்டுவிட்டு அவர் பங்கையும் நீங்களே எழுதினீர்களா, பேசினீர்களா, ஆசிரியரிடம் போனீர்களா? எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள், இன்று அதே நிலை வந்தால் வேறு மாதிரி செய்வீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நிலாமுற்றம், நீங்கள் ‘தவறு’ கேள்வியையும் கேட்டிருந்தீர்கள். என்னுடையதைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவையில் இருந்தபோது, கோபமாக இருந்த ஒருவரைச் சமாதானப்படுத்த, டெலிவரி டீமைக் கேட்காமலேயே ஒரு தேதியை வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தத் தேதியில் போகவில்லை. அவர் திரும்ப அழைத்தபோது நான்தான் எடுத்தேன், “தேதி சொன்னது நான், கேட்காமல் சொன்னது என் தவறு” என்றேன். பிறகு எந்தத் தேதியையும் உறுதி செய்யாமல் சொன்னதில்லை. “எப்போது திரும்ப அழைப்பேன்” என்பதை மட்டும் வாக்குக் கொடுப்பேன், அது என் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் பதில். “நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள், அது தவறே இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும். அதற்காக யாருக்கோ பெரும் தீங்கு வந்த தவறையும் எடுக்க வேண்டாம். உண்மையான தவறு, நீங்கள் பொறுப்பேற்றது, அதற்குப் பின் ஒரு பழக்கம் மாறியது, இந்த மூன்றும் உள்ள ஒன்றைத் தேடுங்கள்.

புத்தகப்புழு:
இன்னொன்று. போகும் நிறுவனம் தன் மதிப்பீடுகள் என்று எதைப் போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள், அதிலிருந்துதான் பெரும்பாலும் கேள்வி வரும். அமேசான் தன் 16 தலைமைக் கொள்கைகளை வெளிப்படையாகவே வைத்திருக்கிறது, நேர்காணலில் கேட்பதும் அவற்றை ஒட்டித்தான். மற்ற நிறுவனங்களுக்கு வேலை அறிவிப்பிலேயே குறிப்பு இருக்கும். “பல பிரிவுகளோடு இணைந்து” என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தால் எந்தச் சம்பவத்தை முதலில் மெருகேற்றுவது என்று தெரிந்துவிடுகிறது.

நேர்பேச்சு:
நானும் ஒன்று செய்துபார்த்தேன், சொல்கிறேன். செல்போனில் பதிவு செய்து கேட்டேன். முதல் பதில் நான்கரை நிமிடம் ஓடியது, அதில் நான் செய்தது என்ன என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது தடவை இரண்டு நிமிடத்துக்கு வந்தது. வீட்டில் ஒருவரிடம் சொல்லிக்காட்டி, “நடுவில் என்ன வேண்டுமானாலும் கேள்” என்று சொல்லிவைத்தால் இன்னும் நல்லது, நம் துறை தெரியாதவர் என்றால் எங்கே புரியவில்லை என்று உடனே சொல்லிவிடுகிறார்.

நிலாமுற்றம்:
இன்று இன்டர்வியூ முடிந்தது. முடிவு அடுத்த வாரம்தான் தெரியும். இருவர் இருந்தார்கள், நான்கு கேள்வி. “மேலே சொல்லத் தயக்கமாக இருந்த ஒன்றைச் சொன்ன அனுபவம் உண்டா?” என்று முதல் கேள்வியே வந்தது. இரட்டைப் பட்டுவாடாவைச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, “அந்த மூத்த சகா ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?” என்று கேட்டார்கள். எழுதிவைத்தது இல்லை, ஆனால் அன்று இரவு நான் யோசித்ததே அதைத்தானே, அதனால் அப்படியே சொன்னேன்: அவருக்கு இன்னும் ஒரு நாள் கொடுத்திருப்பேன், அதற்கு மேல் நானே போயிருப்பேன், போகும் முன் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பேன். கேள்வி கேட்டவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது கேள்வியில் மட்டும் தடுமாறினேன். “ஒருவருக்கு அவர் வேலையைப் பற்றிக் கடினமான கருத்தைச் சொல்ல நேர்ந்தது உண்டா?” என்றார்கள். என் ஏழில் அது இல்லை. “ஒரு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்தேன், பிறகு புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு நான் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. சுமாராகத்தான் சொன்னேன். அந்த அமைதிக்கு மதிப்பெண் குறைப்பார்களா?

பத்தாவதுபடி:
நான் குறைக்க மாட்டேன். யோசித்துவிட்டு நடந்த ஒன்றைச் சொல்பவரை, உடனே ஆரம்பித்து எதையோ சொல்பவரைவிட எனக்குப் பிடிக்கும். அந்தப் புதியவருக்கு நீங்கள் சொன்னது என்ன, அவர் எப்படி எடுத்துக்கொண்டார், பிறகு அவர் வேலையில் என்ன மாறியது, இன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள். அது எட்டாவது.